ஒரு மூச்சுக்கு எட்டுக் கவளம்

தில்லைநாயகியின் இறால் குளத்துச் சேறு பேச ஆரம்பித்தது ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு. அதெப்படி அவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் ஊரில் தினமும் பத்து மணிக்குத்தான் கரண்ட் போகும், கரண்ட் போனால் குளத்துத் தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் சக்கரங்கள் நிற்கும், சக்கரங்கள் நின்றால் தண்ணீர் அடங்கும், தண்ணீர் முழுசாக அடங்க ஐந்து நிமிடம் பிடிக்கும், அப்படி அடங்கிய தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ யாரையோ வண்டை வண்டையாகத் திட்டும் சத்தம் கேட்டது. கணக்கு சரியாக வருகிறதா இல்லையா?

அப்போது தில்லைநாயகி தீவனத் தட்டைத் தூக்கி, இறால் எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தத்தைக் கேட்டு அவள் பயப்படவில்லை. எங்கள் புன்னைக்கழியில் சண்டைச் சத்தத்துக்கு யாரும் பயப்படுவதில்லை, யார் பக்கம் நியாயம் என்றுதான் முதலில் காது கொடுப்போம். அவளும் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தாள்.

“ஒரு மூச்சுக்கு எட்டுக் கவளம் சாப்புடுறவங்க நாங்க. இருக்கிறதே துளியூண்டு மூச்சு. அத எங்ககிட்ட உடுங்கடா, அஞ்சு கவளத்துப் பயலுவளா!” என்றது ஒரு குரல்.

“தின்னுட்டு நீங்க என்னத்த விடுறீங்க? நாத்தம்! நாங்க விடுறது சுத்தமான காத்து. நேரா வானத்துக்குப் போவுது,” என்றது இன்னொன்று.

“வானத்துக்கு எதுக்குடா குடுக்குற, அது உன் மாமியா வூடா? ஊருச் சொத்த ஊருக்குள்ளயே வச்சிருக்கோம் நாங்க.”

பதினோரு மணிக்குக் கரண்ட் வந்தது, சக்கரங்கள் சுற்ற ஆரம்பித்தன, சண்டை அமுங்கிப் போனது. தில்லைநாயகி கரையேறி, கையைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் சோதிக்கும் ரவூப் பாய்க்கு ஒரு போன் போட்டாள். கண்ணாடிக் குழாய்களும் சொட்டு மருந்துகளும் அடுக்கிய பெட்டியோடு மொபெட்டில் வாரம் இரண்டு முறை எல்லாக் குளங்களையும் சுற்றி வருகிறவர் அவர். எதற்கும் ஆச்சரியப்படாத மனிதர். சேறு பேசுகிறது என்று அவள் சொன்னதும், “உப்பு எவ்வளவு இருக்கு தங்கச்சி?” என்றுதான் கேட்டார்.

இங்கே தில்லைநாயகியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். கணவன் வேறொருத்தியோடு குடித்தனம் போன பிறகு அவள் அண்ணன் கலியபெருமாள் வீட்டில் ஆறு வருஷம் இருந்தாள். அண்ணன் நல்லவர், அண்ணியின் கைப்பக்குவத்துக்கு மூன்று ஊரில் பெயர் உண்டு, வேளை தவறாமல் இலை போட்டார்கள், தீபாவளிக்குத் தீபாவளி புடவை எடுத்தார்கள். ஏழாவது வருஷம் ஒரு காலையில், உப்பங்கழியோரம் யாரும் சீந்தாமல் கிடந்த ஒரு குளத்தைப் பஞ்சாயத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, அதன் கரையிலேயே தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு, சமைக்க ஒரு அடுப்பும் படுக்க ஒரு கயிற்றுக் கட்டிலுமாக அவள் தனியாக வந்துவிட்டாள். ஏன் என்று அண்ணனுக்கு வெகுநாள் விளங்கவில்லை.

கழியோரக் குளங்களெல்லாம் எங்கள் ஊருக்குப் பொதுச் சொத்து. அவற்றுக்கு ஒரே ஒரு விதி. அடுத்தடுத்து மூன்று தடவை இறால் செத்தால் அந்தக் குளம் அந்தக் கையில் தங்காது. ஊர் கூடி, மண்வெட்டியோடு போய்க் கரையை உடைத்து, குளத்தைக் கழிக்கே திருப்பிக் கொடுத்துவிடுவோம். தில்லைநாயகிக்கு முதல் தடவை வெள்ளைப்புள்ளி நோயில் செத்தது, இரண்டாவது தடவை புயலில் செத்தது. இது மூன்றாவது. குஞ்சு விட்டு அறுபத்திரண்டாம் நாள்தான் சேறு பேசியது. இதுவும் செத்தால் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு அண்ணன் வீட்டு அடுக்களைக்குத் திரும்பிப் போக வேண்டும்.

ஆனால் எங்களுக்கு அதெல்லாம் அப்போது நினைவில் இல்லை. புதன்கிழமை பத்து மணிக்குக் கரையில் எட்டுப் பேர் இருந்தோம், வியாழக்கிழமை எண்பது பேர், வெள்ளிக்கிழமை கோயில் தெரு, மரைக்காயர் தெரு, மாதா கோயில் தெரு மூன்றும் திரண்டு வந்து, பாய் விரித்து, குடை பிடித்து, கைக்குழந்தைகளோடு உட்கார்ந்துவிட்டோம். கரண்ட் போனால் உடனே ஜெனரேட்டரைப் போடுவது தில்லைநாயகியின் வழக்கம், அந்தச் செவ்வாய்க்கிழமை டீசல் தீர்ந்துபோனதால்தான் அது ஓடவில்லை. அதைப் போட்டால் சக்கரம் சுற்றும், சக்கரம் சுற்றினால் குரல் கேட்காது. “ஒரு அரை மணி நேரம் பொறேன் தில்லை, இப்பதான் சூடு புடிக்குது,” என்று பெண்கள் கெஞ்சினார்கள். அவளும் முகத்துக்கு நேரே எப்படி மறுப்பது என்று பொறுத்தாள்.

ரவூப் பாய் கரையில் குந்தி, சேற்றில் ஒரு கைப்பிடி அள்ளி மோந்து பார்த்துவிட்டு எங்களுக்கு விளக்கினார்.

“இதுங்க பாக்டீரியா. எல்லாச் சேத்துலயும் இருக்கிறதுங்கதான். அடியில காத்து கெடையாது, அதனால நைட்ரேட்டத்தான் மூச்சா இழுக்கும். நைட்ரேட்டுன்னா உரத்துல இருக்குமே, அதான். இருக்கிறது கொஞ்சூண்டு, இழுக்கிற வாயி கோடிக்கணக்கு. சண்டை வராம என்ன செய்யும்? ஒரு கூட்டம் ஒரு மூச்ச வச்சு அஞ்சு கவளம் செரிக்கும், வெறும் காத்தா வெளிய விடும். இன்னொரு கூட்டம் அதே மூச்ச வச்சு எட்டுக் கவளம் செரிக்கும், அம்மோனியாவா விடும். வேற ஒண்ணுமில்ல.”

“பேசுறது?” என்று யாரோ கேட்டார்கள்.

“அது என் பெட்டியில இல்ல,” என்று சொல்லி மொபெட்டை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரே வாரத்தில் ஊர் இரண்டானது. கரைமேட்டு மணலில் முல்லைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் எல்லாம் எட்டுக் கவளத்தார் கட்சி. சத்தை மண்ணிலேயே தங்க வைக்கிறவன்தானே குடும்பஸ்தன், காற்றில் விடுகிறவன் ஊதாரி என்பது அவர்கள் வாதம். இறால் வைத்திருப்பவர்கள் எல்லாம் ஐந்து கவளத்தார் கட்சி. வீட்டுக்குள் மூத்திர நெடியைச் சேர்த்து வைப்பதற்குப் பெயர் சேமிப்பா என்று அவர்கள் கேட்டார்கள். டீக்கடையில் பெஞ்சு தனித்தனியானது. கணக்கெடுக்க வந்த கிராம நிர்வாக அலுவலர் குளத்தங்கரையில் நின்று, குடும்பத் தலைவர் பெயர் என்ன என்று சேற்றிடம் கேட்டு, இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில் நாற்பதாயிரம் பெயர் சொல்ல ஆரம்பித்ததும் பேனாவை மூடிக்கொண்டார். ஒரு டிவிக்காரர் மைக்கைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினார். அன்று பார்த்து ஒரு குரலும் எழவில்லை, அவர் வண்டியேறிப் போன பிறகு அவருடைய தலைமுடியைப் பற்றி இரண்டு தரப்பும் ஒற்றுமையாக அரை மணி நேரம் பேசின.

மாதா கோயில் தெருக் கல்யாணத் தரகர் அந்தோணிசாமி, இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஒரு சம்பந்தம் பேசி முடித்தால் சண்டை ஓயும் என்று யோசித்து, கரையில் நின்று முறைப்படி கேட்டார்.

“எங்கள்ல பொண்ணு குடுக்கிற வழக்கமெல்லாம் இல்லீங்க,” என்று சேறு மரியாதையாகப் பதில் சொன்னது. “வயிறு நெறஞ்சா ரெண்டாப் பிரிஞ்சிருவோம்.”

“எங்க வூட்லயும் அதான் நடந்துச்சு,” என்று கூட்டத்தில் ஒரு மாமியார் பெருமூச்சு விட்டார்.

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நாங்கள் அந்தத் தப்பைச் செய்தோம். வேறெந்த ஊராக இருந்தாலும் செய்திருக்காது. எங்கள் ஊரில் வாசலில் ஒருவர் வந்து நின்று குரல் கொடுத்துவிட்டால், அவர் யார், எதற்கு வந்தார் என்று கேட்பதற்கு முன்னால் வாயில் போட ஏதாவது கொடுத்துவிடுவோம். கடன் கேட்க வந்தவருக்கும் கொடுப்போம், பொண்ணு பார்க்க வந்து பிடிக்கவில்லை என்று எழுந்தவருக்கும் கொடுப்போம். பத்து நாளாக ஒரு கூட்டம் நம் ஊருக்குள் நின்று குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறது, ஒரு பிடி சோறு போட்டோமா என்று கோயில் தெருவில் ஒருத்தி கேட்க, எல்லோருக்கும் வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் கோயில் தெருவிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வந்தது, அண்டாவோடு. கோயில் தெரு செய்தால் மரைக்காயர் தெரு சும்மா இருக்குமா? ரவூப் பாய் தலையில் அடித்துக்கொண்டும் கேளாமல் அவர் மனைவியே முட்டையும் தேங்காய்ப் பாலும் சேர்த்து வட்டலப்பம் அவித்து அனுப்பினார். மாதா கோயில் தெருவிலிருந்து ஒரு கூடை கேக் வந்தது. எட்டுக் கவளத்துக் கட்சி ஒரு படி வெல்லம் போட்டால் ஐந்து கவளத்துக் கட்சி இரண்டு படி போட்டது. குளத்து மூலையில் நுரை கட்டியது, தண்ணீர் பானகமாக மணந்தது. சேற்றில் இருந்து “ஆகா, ஆகா” என்று குரல் வந்தது. அது எட்டுக் கவளத்தார் குரல் மட்டும்தான் என்பதை நாங்கள் கவனிக்கவில்லை.

தில்லைநாயகி கவனித்தாள். தீவனத் தட்டைத் தூக்கினால் போட்ட தீவனம் அப்படியே இருந்தது. இறால்கள் நட்டநடுப் பகலில் கரையோரம் ஒதுங்கி மீசையை ஆட்டிக்கொண்டு நின்றன. ரவூப் பாயின் குழாயில் தண்ணீர் போன வாரம் வெளிர்மஞ்சளாக இருந்தது, இந்த வாரம் பச்சையானது, அதற்கடுத்த தடவை கரும்பச்சை.

“அம்மோனியா ஏறுது தங்கச்சி,” என்றார் பாய். “இப்படியே போனா ஒரு வாரம் தாங்காது.”

அவள் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். போடாதீங்க, என் இறால் செத்துடும் என்றாள். யாரும் அவளை விரட்டவில்லை. எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், காப்பி கொடுத்தார்கள், “ரெண்டு புடி பொங்கப் போடுறதுல ஒனக்கு என்ன கொறஞ்சு போவுது?” என்று வாஞ்சையாகக் கேட்டார்கள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. எழுந்து வந்துவிட்டாள்.

பஞ்சாயத்துத் தலைவர் அமிர்தகடேசனுக்கோ வேறொரு யோசனை. மூன்றாவது தடவையும் செத்தால் குளம் ஊருக்கு வந்துவிடும். ஆனால் கரையை உடைக்க வேண்டாம், இறாலே இல்லாமல் குளத்தை அப்படியே வைத்து, சேற்றுக்குத் தினமும் பொங்கல் போட்டு, ‘பேசும் குளம்’ என்று தார் ரோட்டோரம் ஒரு வளைவு கட்டி, வளைவின் உச்சியில் தன் பெயரைச் சின்னதாக, ரொம்பச் சின்னதாகப் போட்டுக்கொள்ளலாம் என்று அவர் நினைத்தார். இறால் சாகும்வரை காத்திருக்காமல் விஷயத்தை ஊரில் வைத்து முடிவு செய்ய, எழுபத்தொன்பதாம் நாள் காலை பத்து மணிக்குக் குளத்தங்கரையிலேயே கூட்டம் என்று தண்டோரா போட்டார்.

அதற்கு முதல் நாள் பத்து மணிக்கு, கூட்டம் சேரும் முன்னால், தில்லைநாயகி கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி நின்று கேட்டாள். நாங்கள் எல்லோரும் இத்தனை நாள் சண்டையைத்தான் கேட்டோம். அவள் அன்று சண்டைக்கு அடியில் இருந்ததைக் கேட்டாள். திட்டுகிற குரல்களுக்கும் “ஆகா” போடுகிற குரல்களுக்கும் கீழே இருமல் கேட்டது. லட்சக்கணக்கான சின்னச் சின்ன இருமல். “மூச்சு… கொஞ்சம் மூச்சு…” அதைக் கேட்டதும் அவளுக்குச் சொந்தக்காரர் யாரோ கூப்பிட்டது மாதிரி மயிர்க்கூச்செறிந்தது.

அவள் ஈரப் புடவையோடு ரவூப் பாயைத் தேடிப் போனாள்.

“பாய், இவ்வளவு சோறு கெடந்தா யாரு கை ஓங்கும்?”

பாய் யோசித்தார். “சோறு மலையாக் கெடந்து, மூச்சு துளிதான்னா, ஒரு மூச்சுல யாரு அதிகமாத் தின்பானோ அவன் ஜெயிப்பான். எட்டுக் கவளத்தான்.”

“சோறு கம்மியாயி, மூச்சு தாராளமா இருந்தா?”

“அப்ப அஞ்சு கவளத்தான். அவனுக்கு ஒவ்வொரு கவளத்துலயும் கூடுதலாச் சத்து எடுக்கத் தெரியும்.” சொல்லிவிட்டு அவர் தில்லையை ஒரு மாதிரி பார்த்தார். “அட, நான் இத்தன நாளு குழாயத்தான் பாத்துட்டு இருந்திருக்கேன்.”

“மூச்சு எங்க கெடைக்கும்?”

பாய் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். தலைவரின் முல்லைத் தோட்டத்தில் இருபது வருஷமாகக் கொட்டிய உரமெல்லாம் மணல் வழியாக இறங்கி அங்குள்ள கேணியில் நிற்கிறது. நான்கு வருஷத்துக்கு முன்னால் பாயே சோதித்துப் பார்த்து, குடிக்கிற தண்ணீருக்குச் சொன்ன அளவைப்போல் பல மடங்கு நைட்ரேட் இருக்கிறது, குடிக்காதீர்கள் என்று தலைவரின் காதோடு சொன்னார். தலைவர் அன்றிலிருந்து அந்தக் கேணித் தண்ணீரை ஒரு பித்தளைச் செம்பில் எடுத்துக்கொண்டுதான் எந்தக் கூட்டத்துக்கும் போவார். எல்லோரும் பார்க்க உதட்டை நனைத்துக்கொண்டு, “தேவாமிர்தம்!” என்பார். கோணிப்பைக்கு அடியில் மறைத்து அவர் வீட்டுக்குக் கேன் தண்ணீர் போவதைப் பார்த்தால் நாங்களும் மரியாதைக்கு வேறு பக்கம் திரும்பிக்கொள்வோம்.

எழுபத்தொன்பதாம் நாள் காலை குளத்தங்கரையில் நிற்க இடம் இல்லை. அண்ணன் கலியபெருமாள் ஒரு லோடு ஆட்டோவோடு வந்திருந்தார். தங்கச்சிக்கு அறையைப் பெருக்கி, புதுக் கட்டில் போட்டு வைத்துவிட்டு, கொட்டகைச் சாமான்களை ஏற்றிப் போக வந்திருந்தார். அவர் முகத்தில் இரக்கத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

கரண்ட் போனது. தண்ணீர் அடங்கியது. தலைவர் செம்பைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினார். விதி என்றார், ஊர் நன்மை என்றார், வளைவு என்றார். பிறகு, “தில்லை, நீ எதாவது சொல்லணுமா?” என்று கேட்டார்.

தில்லைநாயகி முன்னால் வந்தாள்.

“நீங்க எல்லாரும் நல்லவங்க,” என்றாள். “அதுல எனக்கு சந்தேகம் இல்ல. ஆனா இதுங்க சோறு கேக்கல. மூச்சு முட்டுதுன்னு கத்துதுங்க. மூச்சு முட்டுறவங்க வாயில பொங்கல அடைச்சுட்டு, நல்லாப் பாத்துக்குறோம்னு நாம பெருமப்பட்டுக்குறோம். எனக்கு இது தெரியும். ஆறு வருஷம் எனக்கும் வேள தவறாம போட்டாங்க. குத்தமா சொல்லல, இன்னிக்கும் அந்தக் கைக்கு நான் கடமப்பட்டவ. ஆனா நீ என்ன நெனைக்கிற, ஒனக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் ஒரு நாளும் கேக்கல. நான் அங்க தின்னுக்கிட்டேதான் இருந்தேன். மூச்சு விட்டது இந்தக் கரையிலதான்.”

கலியபெருமாள் ஆட்டோவின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் தலைவர் பக்கம் திரும்பி, கும்பிட்டுக்கொண்டே சொன்னாள்: “தலைவரே, ஒங்க கேணித் தண்ணி மாதிரி ஒரு தண்ணி இந்த ஜில்லாவுலயே கெடையாதுன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. இந்த வாயில்லா ஜீவன்களும் ஒரு வாய் குடிச்சுப் பாக்கட்டுமே.”

வாயில்லா ஜீவன்கள் என்று அவள் சொன்னபோது சேற்றில் இருந்து லேசாக ஒரு ஆட்சேபம் கேட்டது. தலைவர் செம்பைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். கொடுக்க மாட்டேன் என்றால் ஏன் என்று கேள்வி வரும். “அதுக்கென்ன, தாராளமா,” என்று நீட்டினார்.

தில்லைநாயகி செம்பைச் சாய்த்தாள். தண்ணீர் விழுந்த இடத்தில் வளையம் வளையமாக விரிந்து அடங்கியது. பிறகு குளத்தின் அடியில் இருந்து, இத்தனை நாளும் நாங்கள் கேட்டிராத நிறைவோடு ஒரு குரல் எழுந்தது.

“அப்பாடா! என்னா மூச்சு! இது தண்ணியா, கரைச்சு வச்ச உர மூட்டையா? எந்த மகராசன் கேணி இது? இருவது வருஷமா எறைச்சுக் கொட்டியிருக்கணுமே அவரு! அவரு புள்ளகுட்டியெல்லாம் நல்லாருக்கணும்! இன்னும் ஊத்துங்க!”

புன்னைக்கழி முழுவதும் தலையைக் குனிந்துகொண்டு தன் கால் விரல்களைப் பார்த்தது. தலைவரின் காது சிவந்தது, கழுத்து சிவந்தது. ஆனால் இருபது வருஷம் தலைவராக இருப்பவர் சும்மா இருக்கவில்லை. செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு, தொண்டையைச் செருமி, “பாத்தீங்களா? சத்து! சத்துள்ள தண்ணின்னு நான் அப்பவே சொன்னேனா இல்லையா?” என்றார்.

“சொன்னீங்க, சொன்னீங்க,” என்றோம் நாங்கள் எல்லோரும், மிகுந்த நிம்மதியோடு.

சேறு அப்படித்தான் சொல்லும் என்று தில்லைநாயகிக்கு முன்பே தெரியும் என்று மரைக்காயர் தெருவும், பாவம் அவளுக்கென்ன தெரியும் என்று கோயில் தெருவும் இன்றுவரை விவாதிக்கின்றன. எது எப்படியோ, மறுநாளிலிருந்து தலைவர் வீட்டுக் கேன் தண்ணீர் கோணிப்பை இல்லாமல் பட்டப்பகலில் போனது.

அன்று பிற்பகலே முல்லைத் தோட்டத்திலிருந்து குளம் வரை ஹோஸ் இழுத்து மோட்டாரைப் போட்டார்கள். பொங்கலுக்கும் வட்டலப்பத்துக்கும் கேக்குக்கும் ஊர்க் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. செய்து வைத்துவிட்டவர்கள் தாங்களே தின்று தீர்த்தார்கள், அந்த வாரம் ஊரில் பலருக்கு வயிறு சரியில்லை. கரண்ட் போனால் அந்த நொடியே ஜெனரேட்டர் ஓடியது, அரை மணி பொறு என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் குளம் முழுக்கக் குமிழி கிளம்பியது, ஊசி முனை அளவுக் குமிழிகள், கோடி கோடியாக, மேலே வந்து வந்து உடைந்தன. குனிந்து மோந்தால் ஒரு நெடியும் இல்லை. ஐந்து கவளத்தார் ஆட்சிக்கு வந்துவிட்டார்கள் என்று இறால்காரர்கள் வெடி போட்டார்கள். எட்டுக் கவளத்தார் முணுமுணுத்துக்கொண்டே ஆழத்துக்கு இறங்கிப் போனார்கள். ரவூப் பாயின் குழாயில் கரும்பச்சை பச்சையானது, பச்சை வெளிர்ந்து மஞ்சளானது. எண்பத்தைந்தாம் நாள் தில்லைநாயகி தட்டைத் தூக்கினாள், தீவனம் ஒரு பருக்கை மிச்சமில்லை. அவள் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு தண்ணீரிலேயே நின்று அழுதாள்.

குரல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. சும்மா ஐந்தே நிமிடம் என்று எங்களுக்காக ஒரு நாள் அவள் சக்கரத்தை நிறுத்திக் காட்டினாள். குமிழிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மூச்சு விட முடிந்தவர்களுக்கு எதற்குச் சண்டை? எங்களுக்குத்தான் ஏமாற்றம். பாயைச் சுருட்டிக்கொண்டு போகும்போது, “அவ எறாலு பொழைச்சிட்டு, நம்ம பொழுது செத்துப்போச்சு,” என்று ஒரு பெண் சொன்னாள். நாங்கள் தில்லைநாயகியோடு பத்து நாள் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. எங்கள் ஊர் அப்படித்தான், பிறகு தானாகச் சரியாகிவிடும்.

நூற்றுப் பத்தாம் நாள் வலை போட்டார்கள். இறால் வெள்ளிச் சரமாகத் துள்ளித் துள்ளி வந்தது. தண்ணீரை இறக்கிவிட்டு, சேற்றை வெயிலில் காயப் போட்டாள். அதுதான் முறை. கரையை உடைக்க வேண்டிய மண்வெட்டிகளை வைத்து, மடையில் மண் சரிந்திருந்த இடத்தைச் சீர் செய்து கொடுத்துவிட்டு, தலைவரே முன்னால் நின்று ஆட்களைக் கூட்டிப் போனார்.

அதற்கு மறுநாள் மதியம் கலியபெருமாள் வந்தார். ஆட்டோ இல்லை, சைக்கிள்தான். கையில் அண்ணி கொடுத்தனுப்பிய நான்கு அடுக்குத் தூக்குச் சட்டி. கொட்டகை வாசலில் வந்து நின்றவர் உள்ளே வரவில்லை. தன் வீட்டில் அவர் எந்த அறைக்குள்ளும் கதவைத் தட்டிவிட்டுப் போனவர் இல்லை, இங்கே செருப்பைக் கழற்றிவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

“உள்ள வாண்ணே,” என்றாள் தில்லைநாயகி.

அவள் தூக்குச் சட்டியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, தன் அடுப்பில் தான் வடித்த சோற்றையும் தன் குளத்து இறாலில் தான் வைத்த குழம்பையும் அவருக்குப் போட்டாள். அண்ணன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். எழுந்து போய்க் கரையில் கைகழுவிவிட்டு, காய்ந்துகொண்டிருக்கும் சேற்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

“ஒன்னய நான் கேட்டதே இல்ல, தில்லை,” என்றார். “ஒரு தடவகூட. கேக்கணும்னே தோணல எனக்கு.”

அவர் சைக்கிளை எடுத்தார், இரண்டடி தள்ளினார், நின்றார். தன் வீட்டுப் பிள்ளையிடம் பேசுகிற குரலில் அல்ல, வேற்று வீட்டு வாசலில் நிற்கிற குரலில் கேட்டார்:

“நாளைக்கு வரட்டுமா?”

“வாண்ணே,” என்றாள் தில்லைநாயகி. தூக்குச் சட்டியைக் கொண்டுவந்து, திறக்காமலே, ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டாள். “வெறுங்கையோட வா.”